சௌடையா ஹாலைச் சுற்றிக் காட்டுவார்களா?

உங்கள் கேள்வி இரண்டே வரி. போன வருஷம் சிட்னி ஓபரா ஹவுஸில் ஒரு வழிகாட்டி ஒரு மணி நேரம் கூட்டிப்போய் மேடை, இருக்கை, கூரை என்று எல்லாவற்றையும் காட்டினார். பெங்களூரில் வயலின் வித்வான் சௌடையாவின் நினைவாக வயலின் வடிவத்தில் இருக்கும் சௌடையா மெமோரியல் ஹாலை அப்படிச் சுற்றிக் காட்டுவார்களா, அந்த வடிவத்தால் உள்ளே ஒலி நன்றாக இருக்குமா என்று கேட்கிறீர்கள். கூடவே, திருச்சியிலிருந்து வரப்போகும் அப்பாவுக்குப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் என்றால் உயிர், மகள் மூன்று வருஷமாக வயலின் கற்கிறாள் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவலில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தாண்டி, அந்தப் பெரியவருக்கும் அந்தக் குழந்தைக்கும் அங்கே ஏதாவது உண்டா? நிறையவே உண்டு. ஆனால் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

நான் அந்த அரங்கம் இருக்கும் மல்லேஸ்வரத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பிருந்தே பக்கவாத்தியம் வாசிக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள், புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்று எத்தனையோ பேரை அந்த அரங்கத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். கட்டடக்கலையோ ஒலிப் பொறியியலோ என் துறை இல்லை. எந்தக் கருவியும் வைத்து அளந்தவளும் இல்லை. வாத்தியத்தைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். அரங்கங்களின் ஒலியைப் பற்றிச் சொல்வதை, காதால் பழகியவள், கொஞ்சம் படித்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுற்றிக் காட்டும் விஷயம். சௌடையா ஹால் சிட்னியைப் போலச் சுற்றுலாவுக்கென்று டிக்கெட் கொடுக்கும் இடம் இல்லை. கச்சேரி, நாடகம், பட்டமளிப்பு விழா என்று நிகழ்ச்சிகளுக்காக நடக்கும் அரங்கம். வெளியிலிருந்து பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் என் யோசனை வேறு. காலி அரங்கத்தைப் பார்க்க அலைவதைவிட, அங்கே ஒரு கர்நாடக இசைக் கச்சேரி நடக்கும் நாளாகப் பார்த்து, கதவு திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள். கச்சேரி அரங்கம் வேலை செய்வதைப் பார்க்கக் கச்சேரி நாள்தான் சரியான நாள்.

அடுத்தது வடிவம். அரங்கத்தின் வெளித்தோற்றம் ஒரு பிரம்மாண்டமான வயலின். தந்திகள், அவற்றை முறுக்கும் பிருடைகள், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு, வில் எல்லாம் உண்டு. சௌடையாவின் பரம ரசிகரான கே. கே. மூர்த்தியின் முயற்சியால் எழுந்தது. 1980 நவம்பர் 14ஆம் தேதி திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். தரையில் நின்று பார்த்தால் முழு வடிவமும் ஒரே பார்வையில் பிடிபடாது. கிளம்புவதற்கு முன்பு வீட்டிலேயே கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தை மகளிடம் திறந்து காட்டிவிடுங்கள். மேலிருந்து பார்த்துவிட்டுப் போனால், எதிரில் நிற்கும்போது எது வயிறு, எது கழுத்து என்று அவளே சொல்லுவாள்.

இந்த வடிவத்தால் ஒலி கூடுமா என்றால், கூடாது. இதை உறுதியாகச் சொல்லலாம். வயலினின் ஒலி அதன் வெளிக்கோட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. தந்தியின் அதிர்வைக் குதிரை மேல்பலகைக்குக் கொடுக்கிறது. மெல்லிய மரப்பலகைகளும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்கின்றன. அதைத்தான் நாம் கேட்கிறோம். கான்கிரீட் சுவர் அப்படி அதிராது, அதிரவும் கூடாது. அரங்கத்தின் ஒலியை முடிவு செய்பவை உள்சுவர்களின் வளைவு, கூரையின் உயரம், சுவரிலும் தரையிலும் என்ன பொருள் போட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பவை. உள்பக்கம் குழிந்த சுவர் ஒலியை ஓரிடத்தில் குவிக்கும், வெளிப்பக்கம் புடைத்த சுவர் சிதறடிக்கும். இதற்குக் கர்நாடகத்திலேயே நல்ல உதாரணம் விஜயபுராவின் கோல்கும்பஸ். அந்தக் குவிமாடத்தின் கீழ் மாடத்தில் ஒரு பக்கம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கம் தெளிவாகக் கேட்கும். அதிசயம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து ஒரு தோடி ராக ஆலாபனை செய்தால் ஒரு பிடி, அதாவது ஒரு சிறு ஸ்வரத் தொடர், முடிவதற்குள் முந்தைய பிடி வந்து மேலே விழும்.

நீங்கள் பார்த்த சிட்னியே இதற்குச் சாட்சி. 1973இல் திறந்த அந்தக் கட்டடத்தின் சிப்பி போன்ற கூரைகளை உலகமே கொண்டாடியது. ஆனால் உள்ளே இருந்த பெரிய கச்சேரி அரங்கத்தின் ஒலி பற்றிக் கலைஞர்களுக்குப் பல வருஷமாகக் குறை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் மூடி வைத்து வேலை பார்த்து, மேடைக்கு மேலே இதழ் வடிவில் ஒலி திருப்பும் பலகைகளைத் தொங்கவிட்டு, 2022இல்தான் மறுபடி திறந்தார்கள். நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்களே, ரோஜா நிறத்தில், அவைதான். சௌடையா ஹால் திறந்த அதே 1980இல் மும்பை நாரிமன் பாயின்ட்டில் டாட்டா தியேட்டர் திறந்தது. அதை வடிவமைத்தவர் பிலிப் ஜான்சன். ஒலிக்குப் பொறுப்பு சிரில் ஹாரிஸ். மைக் இல்லாமலே நம் வாத்தியங்கள் கேட்க வேண்டும் என்பதை வைத்துக் கட்டிய அரங்கம் அது. ஒரே வருஷத்தில் நம் நாட்டில் திறந்த இந்த இரண்டு அரங்கங்களும் இரண்டு வேறு எண்ணங்கள். மும்பையில் ஒலியிலிருந்து கட்டடம் பிறந்தது. பெங்களூரில் ஒரு மனிதர் மேல் வைத்த அன்பிலிருந்து பிறந்தது. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. யோசித்துப் பாருங்கள், ஒரு பக்கவாத்தியக்காரருக்கு அவருடைய வாத்தியத்தின் உருவத்திலேயே ஒரு மாளிகை!

சரி, அந்த மனிதருக்கு வருவோம். திருமகூடலு சௌடையா 1895இல் பிறந்தவர், 1967இல் மறைந்தார். ஊர், மைசூருக்குப் பக்கத்தில் இருக்கும் தி. நரசிபுரா, அதாவது திருமகூடலு நரசிபுரா. காவிரியும் கபினியும் சேரும் இடம். ஊர்ப் பெயரில் இருக்கும் கூடல் நம் கூடல்தான். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நீரும் அங்கே சேர்வதாக நம்பிக்கை. அங்கே சேரும் தண்ணீர்தான் உங்கள் அப்பாவின் திருச்சிக்கு வருகிறது. இதை அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். சௌடையாவின் குரு மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா, பெரிய பாடகர். அந்தக் காலத்தில் கர்நாடக இசை வயலின் என்றால் மூன்று பெயர் சொல்லுவார்கள்: துவாரம் வெங்கடசாமி நாயுடு, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடையா. 1957இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது சௌடையாவுக்குக் கிடைத்தது. செம்பை பாட்டு, சௌடையா வயலின், பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்ற கூட்டணியைப் பற்றி உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை எடுத்துவிட்டால் போதும், அப்புறம் அரை மணி நேரம் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

இப்போது சௌடையா வாசித்த ஏழு தந்தி வயலின். அரங்கத்தின் முழு அர்த்தமும் இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வயலினுக்கு நான்கு தந்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை நம் இசைக்குள் கொண்டுவந்து வேரூன்ற வைத்தார்கள். ஆனால் நாம் அதைச் சுருதி சேர்க்கும் விதம் வேறு. மேற்கத்திய முறையில் மேல்தந்தி நொடிக்குச் சுமார் 660 அதிர்வில் நிற்கும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு ச-ப-ச-ப (ஷட்ஜம், பஞ்சமம் மாறி மாறி) என்று நாங்கள் சேர்க்கும்போது அதே தந்தி 390க்குப் பக்கத்தில் நிற்கிறது. அவ்வளவு இறக்கினால் தந்தி தளர்ந்துவிடும். தளர்ந்த தந்திக்கு இனிமை உண்டு, கமகம் என்ற ஸ்வர அசைவு வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் வீச்சு குறைந்துவிடும். கனமான தந்தி போட்டால் ஓரளவு சமாளிக்கலாம், அவ்வளவுதான். பாடகரின் குரல் நூற்றுக்கணக்கான பேருக்குக் கேட்க வேண்டிய கச்சேரியில், மைக் என்பதே இல்லாத காலத்தில், இந்தத் தளர்ந்த நான்கு தந்தியோடு ஒரு வயலின்காரர் செம்பை மாதிரியான கணீர்க் குரலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இந்தக் கஷ்டம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. பல வருஷத்துக்கு முன்பு இதே ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. பாட்டுக்கு ஒரு மூத்த வித்வான். காம்போதி ராகத்தில் ராகம் தானம் பல்லவி என்ற பெரிய உருப்படியை எடுத்து, தானம் பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் எழும்பவில்லை. மைக் செட்காரர் டார்ச்சை வைத்துக்கொண்டு ஓடுகிறார். வித்வான் நிறுத்தவில்லை, குரலை உயர்த்தி அப்படியே பாடிக்கொண்டு போனார். நானும் வில்லை அழுத்தி அழுத்தி வாசித்தேன். தோள் கழன்றுவிடும் போல் வலி. எனக்கு என் வயலின் நன்றாகத்தான் கேட்டது. காதுக்குக் கீழேதானே இருக்கிறது! கச்சேரி முடிந்ததும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாணவி ஓடி வந்தாள். "மிஸ், மிருதங்கம் நல்லா கேட்டது. பாட்டு ஓரளவு கேட்டது. நீங்க வில்லை இழுக்கிறது தெரிஞ்சது, சத்தம்தான் வரலை" என்றாள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சௌடையாவின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். அதுவரை எத்தனையோ தடவை கேட்டது. அந்த ஏழு தந்தி எதற்கு என்பது அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது.

அவர் செய்தது இதுதான். நான்கு தந்தியில் மூன்றுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு துணைத் தந்தி கட்டினார். துணைத் தந்தி ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) வித்தியாசத்தில் அதே ஸ்வரத்தைச் சொல்லும். வில் இரண்டின் மேலும் சேர்ந்து ஓடும், விரல் இரண்டையும் சேர்த்து அழுத்தும். ஒரே ஆள், ஆனால் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போல் ஒலி தடிக்கும். சொல்ல எளிது. வயலின் பிடித்தவர்களுக்குத்தான் இதன் கொடுமை தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், வேறு வேறு தடிமன் உள்ள இரண்டு தந்திகளை ஒரே விரல்நுனியால் அழுத்தி, இரண்டும் சுருதி விலகாமல் நிற்க வேண்டும். விரல் ஒரு மயிரிழை சாய்ந்தால் ஒன்று சரியாகவும் ஒன்று அபஸ்வரமாகவும் பேசும். இதில் கமகம் வேறு அசைக்க வேண்டும்! எங்கள் வீட்டில் ஒரு பழைய வயலினில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு துணைத் தந்தி கட்டி வைத்திருக்கிறேன். முப்பது வருஷ அனுபவம் இருந்தும், அதில் ஒரு சங்கராபரண வர்ணத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், சுத்தமாக வாசிக்க இன்னும் என்னால் முடியவில்லை.

இவ்வளவும் நிச்சயமாகத் தெரிந்தது. இனி வருவது கதை என்ற பெயரில் மட்டும் மகளிடம் சொல்ல வேண்டியது. ஏழு தந்தி யோசனை எந்தக் கச்சேரியில், யார் என்ன சொன்னதால் பிறந்தது, குரு கோபித்துக்கொண்டாரா, எப்படிச் சமாதானம் ஆனார் என்றெல்லாம் வித்வான்கள் வீட்டுத் திண்ணையில் பல விதமாகச் சொல்லுவார்கள். நானே மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். சொல்லும் ஆளின் குருபரம்பரையைப் பொறுத்து நாயகன் மாறுவார். அழகான கதைகள்தான், ஆனால் எதன் மேலும் நான் கை வைத்துச் சத்தியம் செய்யமாட்டேன். ஏழு தந்தி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. மைக் வந்துவிட்டது பெரிய காரணம். அவ்வளவு கஷ்டப்பட்டு வாசிக்கும் விரல் எல்லோருக்கும் வாய்க்காது என்பது இன்னொன்று. ரசனை மாறியது மூன்றாவது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட வழியில்லை. என் மனசுக்குப் படுவது மைக்தான்.

மைக்கை எல்லோரும் சந்தோஷமாக வரவேற்றார்கள் என்றும் நினைக்க வேண்டாம். சௌடையாவோடு அத்தனை கச்சேரி வாசித்த அதே பாலக்காடு மணி ஐயர், ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். மிருதங்கத்தின் நுணுக்கம் ஒலிபெருக்கியில் கெட்டுப்போகிறது என்பது அவர் வாதம். ஒருவர் மைக் இல்லாத காலத்துக்காகத் தன் வாத்தியத்தையே மாற்றினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் மைக் வந்த பிறகு அது வேண்டாம் என்றார். கடைசி வரிசையில் இருப்பவருக்கு எது எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் இரண்டு பேருக்கும் கவலை. மல்லேஸ்வரத்துக் கட்டடம் இந்தக் கவலையின் நினைவுச்சின்னம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். அங்கே இன்று நடக்கும் கச்சேரிகளில் மைக் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மைக் தேவைப்படாத ஒரு வயலினின் உருவத்துக்குள் உட்கார்ந்து மைக் வழியாக வயலின் கேட்கிறோம் என்பதை அந்தக் குழந்தை தெரிந்துகொண்டு கேட்கட்டும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் சுற்றுலாவை நான் இப்படி அமைப்பேன். போகிற நாள் காலையில் செம்பை, சௌடையா, மணி ஐயர் சேர்ந்த பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி எடுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. வரவேற்பறையில் சும்மா ஓடவிடாமல் மூன்று பேரும் உட்கார்ந்து கேளுங்கள். செம்பை ஒரு சங்கதி, அதாவது பாட்டு வரியின் ஒரு மாற்று வடிவம், பாடி விட்டதும் வயலின் அதைத் திருப்பிச் சொல்லும் இடத்தில் மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்தாயி ஒன்றாகப் பேசுவதால் ஒரு கனம் தெரியும், கொஞ்சம் நாதஸ்வரத்தின் தடிமனை நினைவூட்டும். உடனே அவளுடைய சொந்த வயலினில் அதே ஸ்வரத்தை ஒற்றைத் தந்தியில் இழுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அந்த நொடியே பிடிபட்டுவிடும். இந்தப் பத்து நிமிஷம் இல்லாமல் அரங்கத்துக்குப் போனால் அது வெறும் வினோதக் கட்டடமாகத்தான் தெரியும்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். வயாலிகாவல் பக்கம், சாங்கி ஏரியிலிருந்து அதிகத் தூரம் இல்லை. வெளியே நின்று தந்திகளை மகளே எண்ணட்டும். எண்ணி முடித்ததும் அதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஏழு தந்திக் கதையை அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிடத் தாத்தா சொல்வது நன்றாக ஏறும். உள்ளே போனதும் கூட்டம் நிறைவதற்கு முன்பு மூன்று இடத்தில் இரண்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்: மேடைக்குப் பக்கத்தில், நடுவில், கடைசியில். கலைஞர்கள் மைக் சோதிக்கும் நேரமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வயலின்காரர் சுருதி சேர்க்கும்போது, மைக் ஏறுவதற்கு முன்பு ஒன்றிரண்டு இழுப்பு வெறும் வாத்தியமாகக் கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு அதைப் பிடியுங்கள். பிறகு மைக்கில் அதே வயலின் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பாடகர் மைக் செட்காரரைப் பார்த்துக் கையால் மேலே கீழே என்று காட்டுவதையும் கவனியுங்கள். மேடையில் இருப்பவர் கேட்பதும் நாம் கேட்பதும் ஒன்றில்லை. அவர்களுக்கென்று மேடையில் தனி மானிட்டர் ஸ்பீக்கர் உண்டு.

கூட்டம் நிறைய நிறைய அரங்கத்தின் ஒலி மாறுவதும் கேட்கத் தெரிந்தால் பெரிய சுவாரசியம். காலி அரங்கத்தில் ஒரு கைதட்டல் கொஞ்ச நேரம் மிதக்கும். மனிதர்கள் வந்து உட்கார்ந்ததும் உடம்பும் துணியும் ஒலியைக் குடித்துவிடும். இதை முதலில் கணக்காக்கியவர் அமெரிக்காவின் வாலஸ் சபின், 1890களில். ஒரு வகுப்பறையில் பேச்சுப் புரியவில்லை என்று வந்த புகாருக்காகப் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்கி, ஒவ்வொரு தடவையும் ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மேற்கத்திய சிம்பொனிக்கு அது சுமார் 2 நொடி இருந்தால் நிறைவு என்பார்கள். நமக்கு அவ்வளவு இருந்தால் ஆபத்து. மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், வேகம் கூடும் மேல்காலத்தில் நொடிக்கு எட்டுச் சொல், அதாவது எட்டுத் தட்டு, விழும். ஒவ்வொன்றும் 2 நொடி மிதந்தால் பதினாறு சொல் ஒன்றன்மேல் ஒன்று குவியும், கோர்வை என்ற தாளக் கணக்கு கூழாகிவிடும். பாட்டில் சாகித்யம் வேறு புரிய வேண்டும். அதனால் நம் கச்சேரிக்கு ஒலி சீக்கிரம் அடங்கும் வறண்ட அரங்கமே நல்லது என்பது பொதுவாகச் சொல்வது. நானும் அதை ஏற்கிறேன். எத்தனை நொடி என்று ஒரு எண்ணைச் சொல்லி அடித்துப் பேசுபவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வீணைக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று என்று அது மாறும்.

வழிகாட்டியோடு, நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் அனுபவம்தான் வேண்டும் என்றால் பெங்களூரில் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. ஜே.பி. நகர் ஏழாம் ஃபேஸில் இருக்கும் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ். 2019இல் திறந்த இசை அருங்காட்சியகம். வாத்தியங்கள், பழைய ஒலிப்பதிவுகள், கிராமஃபோன் காலம் எல்லாம் வரிசையாக இருக்கும். பல இடங்களில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கலாம். வெளியே தோட்டத்தில் கல்லாலும் உலோகத்தாலும் செய்த பெரிய கருவிகளைக் குழந்தைகள் தட்டிப் பார்க்கலாம். ஒலி எப்படிப் பிறக்கிறது என்று மகளுக்குக் கையாலேயே புரியும். ஆனால் மல்லேஸ்வரத்துக்கும் அதற்கும் நகரத்தின் இரண்டு கோடி. ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொண்டு டிராஃபிக்கில் அப்பாவை வாட்ட வேண்டாம். தனித் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ராமநவமிக்கு ஒட்டி வருகிறார் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. சாமராஜபேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் ராமசேவா மண்டலி பந்தல் போட்டு நடத்தும் கச்சேரிகள், 1939 முதல். சுவரே இல்லாத பந்தல், பக்கத்தில் ரோட்டுச் சத்தம், விசிறி, காலடி ஓசை, அதற்கு நடுவில் சங்கீதம். அரங்கம் என்பது வருவதற்கு முன்பு நம் ஜனங்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. கே.ஆர். ரோட்டில் இருக்கும் பெங்களூர் காயன சமாஜம் 1905இலிருந்து இருக்கும் சபை. அங்கேயும் ஒரு சாயங்காலக் கச்சேரிக்கு உட்காரலாம். பந்தல், பழைய சபை, சௌடையா ஹால் என்று மூன்றையும் கேட்டுவிட்டால் இந்த ஊர் எப்படிக் கேட்கப் பழகியது என்று ஓரளவு பிடிபடும்.

சில்லறை விஷயங்கள். மல்லேஸ்வரத்தில் சனி, ஞாயிறு சாயங்காலம் வண்டி நிறுத்துவது பாடு. சம்பிகே ரோடு வரை மெட்ரோவில் வந்து அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது நல்லது. அப்பாவுக்குப் படி ஏற முடியுமா என்று யோசித்து இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். ஏ.சி. குளிர் அதிகமாக இருக்கலாம், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். கச்சேரிக்கு முன்பு சி.டி.ஆர். ஹோட்டலில் வெண்ணெய் மசாலா தோசை சாப்பிடலாம் என்று தோன்றும். வரிசை நீளமாக இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள், மைக் சோதனையைத் தவறவிட வேண்டாம். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாமல் இருக்க மகளை இப்போதே பழக்குங்கள்.

அந்தத் துணைத் தந்தி கட்டிய வயலின் எங்கள் வீட்டு அலமாரியில் சும்மாதான் இருக்கிறது. அரங்கத்திலிருந்து பத்து நிமிஷ நடைதான். வருகிற தேதியைச் சொல்லுங்கள், சுருதி சேர்த்து வைக்கிறேன். மகள் அவளுடைய வில்லைக் கொண்டு வரட்டும், ரோசின் நன்றாகப் போட்டுக்கொண்டு. முதல் இழுப்பில் கீச்சென்றுதான் வரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிக் கூட்டி வாருங்கள்.